மாதம் ஒருமுறை வானம்: பேட்ரிக் மூரின் ஐம்பத்தைந்து ஆண்டுகள்

1957 ஏப்ரல் 24 இரவு பத்தரை மணிக்கு, பிபிசி தொலைக்காட்சியில் முப்பத்து நான்கு வயது மனிதர் ஒருவர் ஒரு வால்வெள்ளியைப் பற்றிப் பேசினார். ஆரெண்ட்-ரோலாண்ட் என்ற அந்த வால்வெள்ளியை முந்தைய ஆண்டு நவம்பரில் பெல்ஜியத்தின் ஊக்கிள் வானாய்வகத்தில் கண்டுபிடித்திருந்தார்கள். ஏப்ரல் 8 அன்று அது சூரியனைச் சுற்றித் திரும்பி, வட ஐரோப்பிய வானில் வெறுங்கண்ணுக்கே தெரிந்துகொண்டிருந்தது. சூரியனை நோக்கி ஈட்டிபோல நீண்ட ஓர் எதிர்வாலும் அதற்கு இருந்தது. நிகழ்ச்சியின் பெயர் 'தி ஸ்கை அட் நைட்'. பேசியவர் பேட்ரிக் மூர். உலகின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் பறக்க இன்னும் ஐந்து மாதத்துக்கு மேல் இருந்தது.

அவர் பங்கேற்ற கடைசிப் பகுதி 2013 ஜனவரி 7 அன்று ஒளிபரப்பானது. அதற்கு நான்கு வாரங்களுக்கு முன், 2012 டிசம்பர் 9 அன்று, அவர் தன் எண்பத்தொன்பதாவது வயதில் காலமாகியிருந்தார். இடைப்பட்ட காலத்தில் எழுநூறுக்கும் மேற்பட்ட பகுதிகள் வந்தன. அவர் வராமல் போனது ஒன்றே ஒன்றுக்குத்தான்: 2004 ஜூலையில், கெட்டுப்போன முட்டை சாப்பிட்டு உயிர்போகும் அளவுக்கு உடல்நலம் குன்றியபோது. ஒரே தொகுப்பாளரோடு மிக நீண்ட காலம் ஓடிய தொலைக்காட்சி நிகழ்ச்சி என்ற கின்னஸ் சாதனை இன்றும் அவர் பெயரில் இருக்கிறது.

சாதனையைவிட அதன் காரணம்தான் எனக்கு முக்கியம். மூரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அவருடைய ஒற்றைக்கண் கண்ணாடி, பொருந்தாத கோட்டு, சைலஃபோன் வாசிப்பு, மூச்சுவிடாத வேகப் பேச்சு என்று தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அந்த வேடிக்கைகள் ஐந்து வருடம் தாங்கும், ஐம்பத்தைந்து வருடம் தாங்காது. அவர் நிலைத்ததற்குக் காரணம், அவர் முதலில் தொலைநோக்கிக்கு முன் நிற்பவர், அதன் பிறகே கேமராவுக்கு முன் நிற்பவர் என்பதுதான். நிகழ்ச்சி முடிந்ததும் பார்வையாளர் எழுந்து வெளியே போய் வானத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடு பேசினார். என்ன பார்ப்பது, எந்தக் கருவியால், எங்கே ஏமாந்துபோவோம் என்பதையெல்லாம் சொல்லி அனுப்பினார்.

மிடில்செக்ஸின் பின்னர் என்ற ஊரில் 1923 மார்ச் 4 அன்று பிறந்தவர். சிறுவயதில் இதயக் கோளாறு இருந்ததால் பள்ளிப் படிப்பு பெரும்பாலும் வீட்டிலேயே நடந்தது. ஆறு வயதில் சூரியக் குடும்பம் பற்றிய ஒரு சின்னப் புத்தகம் கைக்குக் கிடைத்தது. பதினொரு வயதில் பிரிட்டிஷ் வானியல் சங்கத்தில் உறுப்பினர் ஆனார். அந்த வயதில் யாரும் சேர்வது அப்போது அரிது. சரியாக ஐம்பது வருடம் கழித்து, 1984இல், அதே சங்கத்தின் தலைவராகப் பதவிக்காலத்தை முடித்தார். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் அவரிடம் இல்லை. போரில் விமானப்படையில் இருந்தார், பிறகு பள்ளி ஆசிரியராக இருந்தார், 1953இல் நிலாவுக்கான கையேடு ஒன்றை எழுதினார். 1908ஆம் ஆண்டு உட்ஸ்டாக் தட்டச்சு இயந்திரம் ஒன்று சிறுவயதிலேயே அவருக்குக் கிடைத்திருந்தது. வாழ்நாள் முழுக்க அவர் எழுதிய எழுபதுக்கும் மேற்பட்ட புத்தகங்களில் பெரும்பாலானவை அந்த இயந்திரத்தில் அடித்தவை.

பிபிசியில் தொல்லியல் நிகழ்ச்சிகள் தயாரித்துவந்த பால் ஜான்ஸ்டோன்தான் இவரைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தார். சிபேலியஸின் 'பெலியாஸ் எட் மெலிசாண்ட்' இசைத்தொகுப்பிலிருந்து 'கோட்டை வாசலில்' என்ற பகுதியை முகப்பு இசையாக வைத்தார்கள். அன்று தொடங்கிய இசை இன்றுவரை மாறவில்லை.

நேரலையில் வானியல் என்பது எவ்வளவு ஆபத்தான வேலை என்பதை இன்று பதிவுசெய்து, வெட்டி, ஒட்டிப் பார்க்கும் நமக்கு உணர்வது கடினம். முதல் ஆண்டுகளில் நிகழ்ச்சி நேரடியாகவே போனது. மூர் எழுதிவைத்துப் படிப்பதில்லை, வசனம் ஓடும் திரையும் பயன்படுத்தியதில்லை. வரிசையை மனதில் போட்டுக்கொண்டு நேரே கேமராவைப் பார்த்துப் பேசுவார். ஒருமுறை பேசிக்கொண்டிருக்கும்போதே வாய்க்குள் பெரிய ஈ ஒன்று புகுந்துவிட்டது. நேரலையில் துப்ப முடியாது. விழுங்கிவிட்டுத் தொடர்ந்தார்.

ஈயைச் சமாளிக்கலாம், மேகத்தை முடியாது. தொலைநோக்கி வழியாகக் கோள்களை நேரடியாகக் காட்ட எடுத்த ஆரம்பகால முயற்சிகளை மேகம் கெடுத்தது. 1961 பிப்ரவரி 15 முழு சூரிய கிரகணத்தைப் பிரான்ஸ், இத்தாலி, யூகோஸ்லாவியா ஆகிய மூன்று நாடுகளிலிருந்து அடுத்தடுத்து நேரலை செய்தபோது, மூர் யூகோஸ்லாவியாவின் யாஸ்ட்ரெபாட்ஸ் மலையுச்சியில் இருந்தார். ஐரோப்பா முழுக்க நிழல் நகர்வதைத் தொலைக்காட்சி துரத்திப் பிடித்த அந்த முயற்சியே அன்றைக்குப் பெரிய துணிச்சல். முப்பத்தெட்டு ஆண்டு கழித்து, 1999 ஆகஸ்ட் 11 அன்று, இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வாலுக்கே முழு கிரகணம் வந்தது. அவர் அங்கே காத்திருந்தார். அன்றும் மேகம். இருட்டியது மட்டும்தான் தெரிந்தது.

மேகம் இல்லாத இரவிலும் கோளை நேரலையில் காட்டுவது ஏன் கடினம் என்பதைக் கணக்காகப் பார்த்தால் புரியும். நிலாவின் வட்டம் வானில் சுமார் 1800 விகலை அகலம் (ஒரு பாகையை 3600 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு விகலை). வியாழன் மிக அருகில் வரும்போதும் 50 விகலைக்குள்தான். அதாவது முப்பத்தாறில் ஒரு பங்கு. நம் தலைக்கு மேல் உள்ள காற்று எப்போதும் கலங்கிக்கொண்டிருப்பதால், சாதாரண இரவில் ஒன்றிரண்டு விகலை அளவுக்குப் படம் குழம்பும். நிலாவில் அது கண்ணை உறுத்தாது, வியாழனில் பட்டைகளே கரைந்துவிடும். ஐபீஸில், அதாவது தொலைநோக்கியில் கண் வைக்கும் லென்ஸில், கண்ணை வைத்துக் காத்திருக்கும் பழகிய ஆள், காற்று அசையாமல் நிற்கும் அரை வினாடியைப் பிடித்து அதில் தெரிந்ததை நினைவில் வைத்துக்கொள்வார். அன்றைய தொலைக்காட்சிக் கேமராவுக்கு அந்தப் பொறுக்கி எடுக்கும் திறமை கிடையாது. ஒளியும் நிறைய வேண்டும். ஆகவேதான் அந்தக் காலத்தில் கையால் வரைந்த படம் புகைப்படத்தைவிட அதிக விவரம் தந்தது. 1990களின் இறுதியில் சாதாரண வெப்கேமராவில் ஆயிரக்கணக்கான சட்டகங்களைப் பிடித்து, தெளிவானவற்றை மட்டும் கணினியில் அடுக்கும் முறை வந்த பிறகுதான் நிலைமை தலைகீழானது. அந்த மாற்றத்தின் இரு கரையிலும் மூர் நின்றிருக்கிறார். அமெச்சூர்கள், அதாவது வானியலைத் தொழிலாக அல்லாமல் ஆர்வத்தால் செய்யும் இளையவர்கள், தோட்டத்திலிருந்து எடுத்த படங்கள் தன் ஓவியங்களைத் தாண்டிவிட்டன என்பதை மகிழ்ச்சியோடு தன் நிகழ்ச்சியிலேயே காட்டியவர் அவர்.

அவருடைய சொந்தப் பிரதேசம் நிலா. நிலா வரைபடங்கள் தயாரித்த எச். பி. வில்கின்ஸோடு சேர்ந்து 1940களிலும் 50களிலும் நிலாவின் விளிம்புப் பகுதிகளை வரைந்தார். விளிம்பைத் தேர்ந்ததற்குக் காரணம் இருந்தது. நிலா நமக்கு எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுகிறது என்கிறோம். ஆனால் அது தன் பாதையில் வேகம் மாறிச் செல்வதாலும் அச்சு சற்றே சாய்ந்திருப்பதாலும் இப்படியும் அப்படியும் லேசாகத் தலையசைக்கிறது. அதனால் மொத்தப் பரப்பில் பாதிக்குப் பதில் 59 சதவீதம் வரை, வெவ்வேறு நாட்களில், நமக்குத் தெரிந்துவிடும். அந்தக் கூடுதல் ஒன்பது சதவீதம் விளிம்பில் நசுங்கித் தெரியும் இடம். பெரிய வானாய்வகங்கள் அதில் நேரம் செலவிடவில்லை. பொறுமையுள்ள அமெச்சூருக்கு அங்கே வேலை இருந்தது.

அந்த வேலைக்குப் பலன் 1959 அக்டோபரில் கிடைத்தது. சோவியத்தின் லூனா 3 விண்கலம் நிலாவின் மறுபக்கத்தை முதன்முறையாகப் படம் எடுத்தது. படங்கள் மங்கல். எது எங்கே என்று பொருத்த, தெரிந்த விளிம்போடு தெரியாத பகுதியை இணைக்க வேண்டும். அதற்கு மூரின் விளிம்பு வரைபடங்கள் சோவியத் விஞ்ஞானிகளுக்கு உதவின. படங்கள் வெளியானபோது அவற்றை நேரலையில் பிரிட்டிஷ் மக்களுக்குக் காட்டியவரும் அவரே. பனிப்போரின் உச்சத்தில், பட்டமில்லாத ஓர் ஆங்கில அமெச்சூருக்கு மாஸ்கோ கொடுத்த மரியாதை அது.

விளிம்பில் அவர் கவனித்தவற்றில் ஒன்று மரே ஓரியன்டாலே, கிழக்குக் கடல். 1967இல் லூனார் ஆர்பிட்டர் 4 மேலிருந்து எடுத்த படத்தில் அது சுமார் 930 கிலோமீட்டர் விட்டத்துக்கு வளையத்துக்குள் வளையமாக விரிந்த மோதல் படுகை என்று தெரிந்தது. தானும் வில்கின்ஸும்தான் அதைக் கண்டுபிடித்ததாக மூர் வெகுகாலம் நம்பினார். ஜெர்மானியரான யூலியுஸ் ஃபிரான்ஸ் 1906இலேயே அதைக் குறித்து அதே பெயரையும் வைத்திருந்தது பின்னால் வெளிவந்தது. நிலாவின் பெருங்குழிகள் எரிமலைகளால் உண்டானவை என்ற பழைய கருத்தையும் மூர் மற்றவர்களைவிட நெடுநாள் பிடித்துக்கொண்டிருந்தார். விண்கல் மோதல்தான் காரணம் என்பதை அப்போலோ கொண்டுவந்த பாறைகள் உறுதிசெய்தன. மக்களுக்கு அறிவியல் சொல்பவர் இப்படித் தவறலாமா என்று சிலர் கேட்பார்கள். என் பார்வையில், கருத்துச் சொல்லாமல் நழுவும் தொகுப்பாளரைவிட, ஒரு பக்கம் நின்று வாதாடி, சான்று வந்ததும் மாறிக்கொள்பவர் பார்வையாளருக்கு அறிவியலின் நடைமுறையை நேரில் காட்டுகிறார்.

இன்னொரு விவகாரமும் இதே நிலாவில்தான். சில குழிகளில் அவ்வப்போது சிவப்பு ஒளி, மூடுபனி போன்ற மங்கல் ஆகியவை தெரிவதாக நூற்றாண்டுக் கணக்கில் குறிப்புகள் உண்டு. இவற்றுக்கு 'நிலையற்ற நிலவு நிகழ்வுகள்' என்ற பொருளில் ஆங்கிலப் பெயர் கொடுத்தவர் மூர். 1968இல் பார்பரா மிடில்ஹர்ஸ்ட் உள்ளிட்டோரோடு சேர்ந்து நாசாவுக்காக 1540 முதல் 1967 வரையிலான 579 குறிப்புகளைப் பட்டியலிட்டார். பெரும்பாலான வல்லுநர்கள் இவற்றை இன்றும் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள், அதற்கு நல்ல காரணமும் இருக்கிறது. நிலா தாழ்வாக இருக்கும்போது நம் காற்றுமண்டலமே அரியம்போலச் செயல்பட்டு, பிரகாசமான குழியின் ஒரு ஓரத்தில் சிவப்பும் மறு ஓரத்தில் நீலமும் பூசிவிடும். மலிவான லென்ஸும் அதையே செய்யும். சோதிக்கும் வழி எளிது. சிவப்பு தெரிந்தால் உடனே அதே அளவு பிரகாசமுள்ள வேறு இரண்டு மூன்று குழிகளைப் பாருங்கள். அவற்றிலும் அதே பக்கத்தில் சிவப்பு இருந்தால் காரணம் நிலா அல்ல. பிறகு ஐபீஸை மாற்றிப் பாருங்கள், திருப்பிப் பாருங்கள். நிறம் ஐபீஸோடு திரும்பினால் காரணம் கண்ணாடி. சிவப்பு வடிகட்டியையும் நீல வடிகட்டியையும் மாறி மாறி வைத்துப் பார்த்தால், உண்மையிலேயே நிறமுள்ள இடம் கண்சிமிட்டுவதுபோல் தோன்றும். இத்தனையும் தாண்டிய பிறகுதான் வேறொருவருக்குத் தகவல் சொல்ல வேண்டும், அதுவும் எந்தக் குழி என்று சொல்லாமல். சொல்லிவிட்டால் அவர் கண்ணுக்கும் அங்கே ஏதாவது தெரியத் தொடங்கிவிடும்.

நிலாவைப் பார்க்கத் தொடங்குபவர்கள் செய்யும் முதல் பிழை பௌர்ணமியைத் தேர்ந்தெடுப்பது. மூர் தன் புத்தகங்களில் இதை எச்சரித்திருக்கிறார். பௌர்ணமியில் சூரிய ஒளி நேர் மேலிருந்து விழுகிறது, நிழல் இல்லை, நிழல் இல்லாமல் மேடு பள்ளம் தெரியாது. வளர்பிறை ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை, பகலும் இரவும் சந்திக்கும் கோட்டை ஒட்டிப் பாருங்கள். ஒரு குழியின் தரை இருட்டாகவே இருக்க, நடு மலைமுகடு மட்டும் வெளிச்சம் வாங்கும். வரைவதாக இருந்தால் முழு நிலாவை வரைய முயலக்கூடாது. ஒரு குழி, அதைச் சுற்றிய சிறு பகுதி போதும். வெளிப்புற வடிவத்தை ஏதாவது ஒரு புகைப்படத்திலிருந்து முன்னதாகவே மெல்லிய கோடாகத் தாளில் எடுத்துக்கொண்டு, தொலைநோக்கி முன் நிழல்களை மட்டும் முதலில் நிரப்ப வேண்டும். நிழல் அரைமணி நேரத்தில் நகர்ந்துவிடும், நுண்ணிய விவரங்கள் காத்திருக்கும். தாளில் தேதி, உலக நேரம், தொலைநோக்கியின் அளவு, பெருக்கம், காற்றின் நிலை ஐந்தும் இல்லாவிட்டால் அந்த ஓவியம் வெறும் ஓவியம்தான். காற்றின் நிலைக்கு அன்டோனியாடி அளவுகோல்: ஒன்று என்றால் அசைவே இல்லை, ஐந்து என்றால் வீட்டுக்குப் போய்விடலாம்.

வியாழனுக்கு இதைவிட அவசரம் வேண்டும். அது பத்து மணி நேரத்துக்கும் குறைவாக ஒருமுறை சுழல்கிறது. மணிக்கு 36 பாகை, நிமிடத்துக்கு 0.6 பாகை. ஆகவே முக்கியப் பட்டைகளும் புள்ளிகளும் பத்து நிமிடத்துக்குள் தாளில் இடம் பிடித்துவிட வேண்டும். பிறகு விவரம் சேர்க்கலாம். வட்டத்தையும் கவராயத்தால் போடக்கூடாது, துருவங்களில் அது நன்றாகவே தட்டை. பதினைந்துக்குப் பதினான்கு என்ற விகிதத்தில் நீள்வட்ட அச்சுத்தாள்களை முன்னதாகவே தயாரித்துக்கொள்வார்கள். ஒரு புள்ளி நடுக்கோட்டைக் கடக்கும் நிமிடத்தைக் குறித்தால் அதன் தீர்க்கரேகையைக் கணக்கிட்டுவிடலாம். இரண்டு நிமிடம் பிசகினாலும் பிழை ஒன்றேகால் பாகைக்குள்தான். ஒரு கடிகாரமும் ஆறு அங்குலத் தொலைநோக்கியும் வைத்து வீட்டு மாடியிலிருந்து செய்யக்கூடிய உண்மையான அளவீடு இது.

கருவி விஷயத்தில் மூர் கடைசிவரை கண்டிப்பாக இருந்தார். தொலைநோக்கி வாங்க நினைப்பவர் முதலில் பைனாகுலர் வாங்க வேண்டும். 7×50 நல்ல தொடக்கம்: ஏழு மடங்கு பெருக்கம், 50 மில்லிமீட்டர் முகப்பு லென்ஸ். பன்னிரண்டு மடங்குக்கு மேல் போனால் கை நடுக்கமும் சேர்ந்து பெருகும், தாங்கி இல்லாமல் பயன்படாது. தொலைநோக்கி என்றால் லென்ஸ் வகையில் குறைந்தது மூன்று அங்குலம், ஆடி வகையில் குறைந்தது ஆறு அங்குலம். அதற்குக் கீழே, பெட்டியின் மேல் '400 மடங்கு' என்று அச்சிட்டு விற்பவற்றை வாங்கவே வேண்டாம் என்பார். அவர் சொன்னதன் அடிப்படை இது: நல்ல இரவில் ஓர் அங்குலத்துக்கு ஐம்பது மடங்குதான் பயன்தரும் உச்சம். இரண்டு அங்குலக் கருவியில் நூறைத் தாண்டினால் படம் பெரிதாகும், இருண்டு குழம்பும், கூடுதலாக எதுவும் தெரியாது. அதைவிடப் பெரிய குறை முக்காலி. தொட்டால் ஐந்து வினாடி ஆடும் தாங்கியில் எந்த லென்ஸை வைத்தும் பயனில்லை.

சூரியனைத் தொலைநோக்கி வழியாகப் பார்க்கவே கூடாது என்பதை அவர் சொல்லாத புத்தகம் இல்லை. மலிவுக் கருவிகளோடு வரும், ஐபீஸில் திருகும் இருண்ட சூரியக் கண்ணாடி குவிந்த வெப்பத்தில் வெடிக்கும். வெடித்தால் கண்ணை எடுக்க நேரம் இருக்காது. அவர் காட்டிய வழி, ஐபீஸுக்குப் பின்னால் ஓர் அடி தள்ளி வெள்ளை அட்டையைப் பிடித்து அதில் பிம்பத்தை விழவைப்பது. சின்னத் தேடு தொலைநோக்கியை மூடிவிட வேண்டும். குறிபார்க்க அதிலும் கண்ணை வைக்கக்கூடாது. தரையில் விழும் குழாயின் நிழல் எப்போது மிகச் சிறிதாகிறதோ அப்போது சூரியன் நேரே இருக்கிறது.

அவருடைய முதன்மைத் தொலைநோக்கி பன்னிரண்டரை அங்குல ஆடி வகை. ஆஸ்கர் என்று பெயர் வைத்திருந்தார். 1968 முதல் இறக்கும்வரை வாழ்ந்த, தென் இங்கிலாந்தின் செல்சி என்ற ஊரில், கடலோரத்தில், ஃபார்திங்ஸ் என்ற பழைய வீட்டின் தோட்டத்தில் அது நின்றது. கூரைக்கோபுரம் எதுவும் இல்லை. இரண்டு பாதிகளாகப் பிரிந்து தண்டவாளத்தில் எதிரெதிர்த் திசையில் ஓடும் மரக்கொட்டகைதான். ஒரே பெட்டியாக ஓடும் கொட்டகையைவிட இது ஏன் மேல் என்பதையும் விளக்கியிருக்கிறார்: ஒற்றைக் கொட்டகைக்குக் கதவு வேண்டும், கீலில் மாட்டினால் காற்றில் அடித்துக்கொள்ளும், கழற்றி எடுப்பதாக இருந்தால் கையில் பிடித்தவுடன் பாய்மரம்போல ஆளையே இழுக்கும். ஆஸ்கருக்கு மோட்டார் கிடையாது. மேலும் கீழும், இடமும் வலமும் கையால்தான் நகர்த்த வேண்டும். 200 மடங்குப் பெருக்கத்தில், சாதாரண ஐபீஸில், கோள் ஒரு நிமிடத்தில் பார்வையை விட்டு ஓடிவிடும். வரைபவருக்கு அது பழகிவிடும், புகைப்படத்துக்கு உதவாது. அத்தனை கனமான கண்ணாடியை மூடியிருந்த கொட்டகையிலிருந்து திறந்தவுடன் பார்த்தால் எதுவும் நிலைக்காது. கண்ணாடி வெளிக்காற்றின் குளிர்ச்சிக்கு வர ஒரு மணி நேரமாவது விட வேண்டும். 1998 ஜனவரியில் செல்சியைத் தாக்கிய சூறாவளி அவர் தோட்டத்து வானாய்வகத்தையும் விட்டுவைக்கவில்லை. சரிசெய்து மறுபடியும் பார்க்க ஆரம்பித்தார்.

தொலைக்காட்சிப் பணியின் உச்சம் அப்போலோ பயணங்கள். 1968 டிசம்பரில் அப்போலோ 8 நிலாவைச் சுற்றியபோதும், 1969 ஜூலையில் மனிதன் இறங்கியபோதும், தொகுப்பாளர்கள் கிளிஃப் மிச்செல்மோர், ஜேம்ஸ் பர்க் ஆகியோரோடு பிபிசி அரங்கில் இருந்தார். அந்த அரங்கப் பதிவுகள் இன்று இல்லை. அன்று வீடியோ நாடா விலை உயர்ந்தது. அழித்து மறுபடி பயன்படுத்துவதே வழக்கம். 'தி ஸ்கை அட் நைட்'டின் ஆரம்பகாலப் பகுதிகளும் பெரும்பாலும் அப்படியே போய்விட்டன. 1963ஆம் ஆண்டுப் பகுதி ஒன்று மட்டும் பல பத்தாண்டுகள் கழித்து ஆப்பிரிக்கத் தொலைக்காட்சி நிலையம் ஒன்றிலிருந்து திரும்பக் கிடைத்தது. அதில் மூரின் எதிரே உட்கார்ந்து நிலாவிலும் செவ்வாயிலும் குடியிருப்பு அமைப்பது பற்றிப் பேசுபவர், அதற்குள் கொழும்பில் குடியேறியிருந்த ஆர்தர் சி. கிளார்க். இருவரும் பழைய நண்பர்கள். மிச்சமிருப்பதில் இதுவாவது கிடைத்ததே என்று ஆறுதல் கொள்ள வேண்டியிருக்கிறது. பொதுப்பணத்தில் எடுத்த இவ்வளவு பெரிய ஆவணத்தை அழித்தது மன்னிக்க முடியாத இழப்பு.

நடுவே மூன்றாண்டு, 1965 முதல் 1968 வரை, வட அயர்லாந்தின் ஆர்மா கோளரங்கத்தை உருவாக்கி அதன் முதல் இயக்குநராக இருந்தார். மாதந்தோறும் நிகழ்ச்சிக்காகப் பயணம் செய்தார். 1976 ஏப்ரல் 1 காலை வானொலியில், 9:47 மணிக்கு வியாழனும் புளூட்டோவும் நேர்க்கோட்டில் வருவதால் புவியீர்ப்பு சற்றுக் குறையும், குதித்துப் பாருங்கள் என்றார். முட்டாள்கள் தின விளையாட்டு அது. மிதந்தோம் என்று பலர் தொலைபேசியில் சொன்னார்கள். 1992 முதல் 1998 வரை வீடியோ விளையாட்டு நிகழ்ச்சி ஒன்றில் ஞானியின் தலையாகத் தோன்றினார். வானத்தில் ஆர்வமே இல்லாத ஒரு தலைமுறைச் சிறுவர்களுக்கு அவர் அப்படித்தான் அறிமுகம். 2001இல் சர் பட்டமும் ராயல் சொசைட்டியின் கௌரவ உறுப்பினர் தகுதியும் வந்தன. 2602 என்ற எண்ணுள்ள குறுங்கோளுக்கு அவர் பெயர்.

அவருடைய அரசியலைச் சொல்லாமல் விட முடியாது. குடியேற்றத்துக்கு எதிரான கடும் நிலைப்பாடு கொண்டிருந்தார், 1970களின் இறுதியில் சிறு வலதுசாரிக் கட்சி ஒன்றின் தலைவராகவும் இருந்தார். 2007இல், பிபிசியின் தரம் தாழ்ந்ததற்குப் பெண்கள் கையில் அது போனதே காரணம் என்று பேட்டி கொடுத்துக் கடும் கண்டனம் வாங்கினார். அந்தக் கருத்துகள் தவறானவை, வயதைக் காட்டி அவற்றை மழுப்பவும் கூடாது. அதே மனிதர், கடிதம் எழுதிய சிறுவர் சிறுமியர் யாராக இருந்தாலும் தன் தட்டச்சு இயந்திரத்தில் பதில் அடித்து அனுப்பினார். அப்படிப் பதில் வாங்கியவர்களில் பலர் பின்னால் தொழில்முறை வானியலாளர்கள் ஆனார்கள். இரண்டும் உண்மை.

கடைசி ஆண்டுகளில் விரல்கள் மடங்கவில்லை, சக்கர நாற்காலி, ஐபீஸுக்கு ஏற முடியாது. நிகழ்ச்சி அவர் வீட்டு அறைக்கே வந்தது. கிறிஸ் லின்டாட் போன்ற இளைய வானியலாளர்கள் வெளி வேலைகளைப் பகிர்ந்துகொண்டார்கள். 2006இல் லின்டாட், குவீன் இசைக்குழுவின் பிரையன் மே ஆகியோரோடு சேர்ந்து பிரபஞ்ச வரலாறு எழுதினார். இவர் கொடுத்த ஊக்கத்தில்தான் மே முப்பதாண்டுக்கு மேல் கிடப்பில் போட்டிருந்த முனைவர் ஆய்வை 2007இல் முடித்தார். 2013இல் நிகழ்ச்சி நிறுத்தப்படலாம் என்ற பேச்சு கிளம்பியபோது பார்வையாளர்கள் மனு எழுதிக் காப்பாற்றினார்கள். 2014 பிப்ரவரியிலிருந்து மேகி அடெரின்-போக்காக்கும் லின்டாட்டும் அதைத் தொடர்ந்தார்கள்.

அவர் விட்டுச்சென்றவற்றில் நம் ஊர்க்காரருக்கு நேரடியாகப் பயன்படுவது கால்டுவெல் பட்டியல். பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிஸிலிருந்து வானியலாளர் மெஸ்ஸியே தொகுத்த, விண்மீன் கொத்துகள், நெபுலாக்கள் போன்ற மங்கலான பொருள்களின் பட்டியல், வானின் தெற்கில் ஏறக்குறைய 35 பாகையோடு நின்றுவிடுகிறது. பாரிஸிலிருந்து அதற்குக் கீழே பார்ப்பது கடினம். மூர் 1995 டிசம்பரில் 'ஸ்கை அண்ட் டெலஸ்கோப்' இதழில், மெஸ்ஸியே விட்டவற்றில் பார்க்கத் தகுந்த 109 பொருள்களை வெளியிட்டார். மூர் என்ற எம் எழுத்து ஏற்கெனவே மெஸ்ஸியேவுக்குப் போய்விட்டதால், தன் குடும்பப் பெயரின் மறு பாதியான கால்டுவெல்லிலிருந்து சி எழுத்தை எடுத்துக்கொண்டார். வரிசை வடக்கிலிருந்து தெற்கு நோக்கிப் போகிறது. சி1 வடதுருவத்துக்கு அருகே, சி109 தென்துருவத்துக்கு அருகே. அதனால் உங்கள் ஊரின் அட்சரேகை தெரிந்தால் எது வரை கிடைக்கும் என்று எண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம். செல்சி 50.7 பாகை வடக்கு. சி73 முதல் பெரும்பாலும் எதுவும் அங்கே உதிப்பதே இல்லை. தன் பட்டியலில் மூன்றில் ஒரு பங்கை அவர் தன் தோட்டத்திலிருந்து ஒருநாளும் பார்த்திருக்க முடியாது. சென்னை 13 பாகை. இங்கே சி109 ஒன்றைத் தவிர எல்லாமே அடிவானத்துக்கு மேல் வருகின்றன.

வருகின்றன என்பதால் எல்லாம் தெரியும் என்று நம்பிவிடக் கூடாது. சி106, அதாவது 47 டுகானே என்ற விண்மீன் கொத்து, சென்னையில் ஐந்து பாகை உயரம்தான் ஏறும். கடல் ஈரத்திலும் தூசியிலும் கரைந்துபோகும். கன்னியாகுமரியில் பத்து பாகை, மழை ஓய்ந்த தெளிந்த இரவில் வாய்ப்புண்டு. பட்டியலின் உண்மையான குறை, பைனாகுலரில் தெரிவதையும் பெரிய கருவிக்கும் சிக்காததையும் அருகருகே வைத்திருப்பது. செஃபியஸில் உள்ள சி9 குகை நெபுலாவை ஆறு அங்குலத்தில் தேடிக் காணாமல் மனம் தளர்ந்தவர்கள் ஏராளம். அது புகைப்படத்துக்கானது. புதிதாகத் தொடங்குபவர்கள் சி41 ரோகிணியை ஒட்டிய ஹையாடிஸ், சி14 இரட்டைக் கொத்து, சி92 கரீனா நெபுலா, சி94 நகைப்பெட்டி, சி80 ஒமேகா சென்டாரி என்று பிரகாசமானவற்றை முதலில் எடுத்துக்கொள்வது நல்லது.

ஒமேகா சென்டாரி என்ற விண்மீன் கொத்தைப் பிடிக்க மே மாதக் கடைசியில் இரவு ஒன்பது மணிக்குத் தெற்கே பாருங்கள். உயரத்தில் வெண்ணீலமாகத் தெரிவது சித்திரை நட்சத்திரம். அதிலிருந்து நேர் கீழே 36 பாகை இறங்க வேண்டும். கையை நீட்டிப் பிடித்த முஷ்டி பத்து பாகை, ஆக மூன்றரை முஷ்டி. சென்னையில் அது அடிவானத்திலிருந்து சுமார் 29 பாகை உயரத்தில் நிற்கும். ஊர் வெளிச்சம் குறைந்த இடத்தில் வெறுங்கண்ணுக்கே மங்கலான விண்மீன்போல் தெரியும், 7×50 பைனாகுலரில் உருண்டையான பஞ்சுத்திரள், ஆறு அங்குலத்தில் நூறு மடங்குப் பெருக்கத்தில் விளிம்பிலிருந்து தனித்தனி விண்மீன்களாக உடையத் தொடங்கும். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் கொடுங்கள், கைபேசியை அதுவரை எடுக்காதீர்கள். தெற்கே நகர வெளிச்சம் இருக்கும் மாடி உதவாது. ஊருக்குத் தெற்குப் பக்கமாகப் போய், வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்று தேடுங்கள்.